ஒரு புழுவின் சொந்த ஊர்

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு புழு இருக்கிறது. யாரோ கேலிக்கு வைத்த பட்டப்பெயர் இல்லை. உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற, முறைப்படி வைத்த பெயர். வேலாங்கரடென்சிஸ். வேலாங்கரட்டைச் சேர்ந்தது என்று அர்த்தமாம். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு பெருமை. எங்களுக்கு இது வாய்த்தது.

கண்ணால் பார்க்கிற புழு என்று நினைத்துவிட வேண்டாம். நூற்புழு. தலைமுடியைவிட மெலிசு, நீளம் அரை அரிசி இருந்தால் அதிகம். உடம்பு கண்ணாடியாக இருப்பதால் உள்ளங்கையில் வைத்தாலும் தெரியாது. வாய்க்குள் ஓர் ஊசி வைத்திருக்கும். அதை வேரில் குத்திச் சாறு உறிஞ்சும், குத்துகிற சாக்கில் ஒரு செடியின் நோயை அடுத்த செடிக்கும் ஏற்றிவிடும். கொய்யா விற்கிறவளுக்கு இதெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்? தெரிந்துகொள்ள வைத்துவிட்டார்கள்.

நான் தாரணி. பழனி மலையடிவாரத்தில் இருக்கிற வேலாங்கரட்டின் ஊராட்சித் தலைவர். கொய்யா மண்டியும் நடத்துகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். நீளம் இல்லாவிட்டால் இந்த இரண்டு வேலையும் பார்க்க முடியாது.

வாழை செத்த வருடம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கப்பலில் போன கன்றுகளோடு ஒட்டிக்கொண்டு போன ஒரு நூற்புழு, பல நாடுகளில் ஒரே பருவத்தில் வாழையைச் சாய்த்தது. அதற்குப் பிறகுதான் மோப்பப் பெட்டி வந்தது. துறைமுகம், ரயில் நிலையம், காய்கறிச் சந்தை என்று எல்லா வாசலிலும் ஒரு பெட்டியை மாட்டினார்கள். லாரி உள்ளே நுழையும்போது கூடையில் ஒட்டியிருக்கிற தூசியை அது இழுத்துப் பார்க்கும். அந்தத் தூசி எந்த ஊர் மண், அதில் எந்தப் புழுவின் சுவடு இருக்கிறது என்று உலகப் பதிவேட்டில் ஒப்பிடும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் லாரியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் ஒரு விதி உண்டு. புதிதாக ஒரு புழுவைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தால், அது எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊர் மண் பூட்டப்படும். அந்தப் புழுவால் ஆபத்தில்லை என்று தெரிகிறவரை அங்கிருந்து ஒரு பழமோ, கன்றோ, பிடி மண்ணோ வெளியே போக முடியாது. மூலமண் தடை என்று அதற்குப் பெயர். தடையைப் போடுவது ஓர் அதிகாரியாக இருந்தால் காலில் விழலாம், கத்தலாம், ஆளைப் பிடிக்கலாம். போடுவது பதிவேடு. அதனிடம் போய் என்ன கத்துவது?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், டாக்டர் பெனடிக்டாவை ஊருக்குக் கூப்பிட்டதே நான்தான்.

கொய்யா மரங்கள் மேலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. உரக்கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஊற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் நூற்புழு பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். தூத்துக்குடிக்காரர். ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு மத்தியானம் ஜீப்பில் வந்து இறங்கினார். வந்ததும் இரண்டு பக்கெட்தான் கேட்டார். வேரடி மண்ணை அதில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மண் அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிடித்த சல்லடைகளில் ஊற்றினார். கடைசிச் சல்லடையின் கண் வேட்டித் துணியைவிடச் சன்னம். அதில் தங்கின கலங்கலைச் சின்னச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டார். மண்ணாகவே மூட்டை கட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்டேன். வெயிலில் வண்டிக்குள் வைத்தால் புழு செத்துச் சுருங்கிவிடும், அப்புறம் அளந்து பார்க்க முடியாது என்றார்.

எங்கள் கொய்யாவைக் கெடுத்தது ஒன்றும் புதுசு இல்லை. வேர்முடிச்சுப் புழு, எல்லா ஊரிலும் இருப்பது. வேப்பம் புண்ணாக்கு போடச் சொன்னார், போட்டோம், மரம் துளிர்த்தது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த பாட்டிலில் வேறு சில புழுக்கள் இருந்திருக்கின்றன, இதுவரை யாரும் வகைப்படுத்தாத புது இனம். டாக்டரம்மா அவற்றை வெந்நீரில் கொன்று, கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து, ஊசி எவ்வளவு நீளம், வால் கூரா மொட்டையா, தோலில் கோடு எத்தனை என்று ஒவ்வொன்றாக அளந்து, படம் வரைந்து, விவரம் எழுதி வெளியிட்டார். கிடைத்த ஊரின் பெயரையே வைப்பது அவர்கள் வழக்கமாம். மரியாதைக்குச் செய்வது. ‘உங்கள் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறேன்’ என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு லட்டு வாங்கிக்கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறிய அன்றைக்கே எங்கள் லாரி சந்தை வாசலில் நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது. பழம் மரத்திலேயே பழுத்து விழுந்து, ஊரே புளித்த வாடை அடித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். ஊர்ப் பெயர் கெட்டதைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்துத் தாலுகாவில் ஒரு தோட்டம் காய்ந்தால், “வேலாங்கரடு வந்துருச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். நோய்க்கே எங்கள் ஊர்ப் பெயர். அரசுத் தேர்வில் கேள்வியாக வந்தது: வேலாங்கரடென்சிஸ் எதைத் தாக்கும்? எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியே அந்தத் தேர்வில் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதிவிட்டு வந்து அழுதாள். நிச்சயமான கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்துச் சீர்வரிசையை ஊர் எல்லையிலேயே வைத்துவிடச் சொன்னார்கள். நான் கலெக்டர் ஆபீஸ், வேளாண்மை ஆபீஸ், டெல்லி வரைக்கும் போய்க் கத்தினேன். எங்கள் கொய்யா, எங்கள் லாரி, எங்கள் கல்யாணம் என்று ஒப்பித்து ஒப்பித்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் காலையில் டாக்டர் பெனடிக்டா மறுபடியும் மண்டிக்கு வந்து நின்றார்.

பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. ஆனால் அவர் இருந்த கோலம் வேறு. முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“அந்தப் புழு உங்க ஊர்ப் புழு இல்லைங்க,” என்றார்.

கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தேன்.

“அதே பாட்டில்ல இன்னொரு புழுவும் இருந்துச்சு. அப்ப நான் அதைக் கண்டுக்கல. போன மாசந்தான் எடுத்து வரைய உக்காந்தேன். வாய்க்குள்ள பெரிய பல்லு. மத்த புழுவைக் கடிச்சுத் தின்கிற சாதி. அது மலைக்காட்டுல, மக்கின இலைக்கு அடியில, ஈரத்துலதான் வாழும். உங்க செம்மண்ணுல அது இருக்கவே முடியாது.”

“அப்ப எப்படி வந்துச்சு?”

“என் சல்லடையில வந்துச்சு. உங்க ஊர்ப் பேரு வச்ச புழுவும் அதோட சேர்ந்து வந்ததுதான்.”

முதல் தடவை எங்கள் ஊருக்கு வந்த அன்றைக்குக் காலையில் அவர் மலை மேலே மண் எடுத்திருக்கிறார். அங்கேயே அலசிவிட்டு, சல்லடையை ஓடைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, மத்தியானம் எங்களிடம் வந்திருக்கிறார். கண் சன்னமான சல்லடையில் நூற்புழு சிக்கிக்கொண்டால் தண்ணீருக்குப் போகாதாம். வெந்நீர் ஊற்றித் தேய்க்க வேண்டுமாம். “முதல் வருஷப் பசங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்,” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இங்கே திரும்ப வந்து மண் எடுத்துச் சரிபார்க்கவும் வழி இல்லை. பூட்டிய மண்ணிலிருந்து யாரும் மாதிரியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதும் அதே விதிதான்.

வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பெற்றவர்களை மட்டும்தான் விட்டுவைத்தேன். கூடை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. திட்டுகிற எனக்குத்தான் மூச்சு வாங்கியது. தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, தேடிவந்து சொல்கிறவரை எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்?

கடைசியில் பெயரை மாற்றச் சொன்னேன். பெயரை மாற்ற முடியாதாம். ஒரு தடவை வைத்த பெயர் தப்பான ஊரின் பெயராக இருந்தாலும் அதுதான் கடைசிவரைக்கும். வைத்தவரே நினைத்தாலும் எடுக்க முடியாது. “ஆனா மூலமண் எதுன்னு திருத்தலாம். அதைத் திருத்தினா தடை உங்க ஊரை விட்டுப் போயிடும். அதுக்குத்தான் வந்தேன்,” என்றார்.

அப்போதுதான் உட்கார்ந்தார். பையிலிருந்து பலகைக் கணினியை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தார். மூலமண் தெரியவில்லை என்று போட்டுப் பார்த்தார், வாங்கவில்லை. காலியாக விட்டுப் பார்த்தார், அதற்கும் வாங்கவில்லை. ஒரு புழு என்றால் அதற்கு ஓர் ஊர் இருந்தே தீர வேண்டும். மலையில் மண் எடுத்த இடத்தை வரைபடத்தில் தொட்டார். பதிவேடு கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த இடத்தின் பெயரைக் காட்டியது. வேலாங்கரடு.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மறுபடி தொட்டார், மறுபடியும் அதே பெயர்.

“அங்க வீடெல்லாம் பார்த்தேனே. ஆளுங்க இருக்காங்களே. அந்த இடத்துக்குத் தனியா பேரு இல்லையா?”

“இருக்கு,” என்றேன். “கடுக்காய்ப்பாறை. கணக்குலதான் இல்ல.”

கடுக்காய்ப்பாறை எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிற பளியர் பழங்குடிக் குடியிருப்பு. அரசாங்கக் கணக்கில் அது வேலாங்கரடு ஊராட்சியின் மேற்குக் காடு, அவ்வளவுதான். ரேஷன் அட்டையில், ஓட்டர் பட்டியலில், பள்ளிச் சான்றிதழில் எல்லாவற்றிலும் அவர்கள் ஊர் என்று எங்கள் ஊர்தான் இருக்கும். தனி ஊராகப் பதிய வேண்டும் என்று அவர்கள் கேட்காத கிராமசபை இல்லை. அதற்கு எங்கள் ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டுத் தர வேண்டும். போட்டால் மலைச்சரிவுப் புளியமர ஏலம் நம் கையை விட்டுப் போய்விடும் என்பதால் யாரும் போடவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிடுவோம். எனக்கு முன்னால் தலைவராக இருந்தவரும் அதைத்தான் சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் மலை ஏறினோம். நான் வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். கடுக்காய்ப்பாறையைத் தனி ஊராக்க வேண்டும், ஆக்கினால்தான் தடை எங்களை விட்டு அவர்கள் பக்கம் போகும். நீங்கள் கேட்டதைத் தருகிறோம், கூடவே எங்கள் சுமையையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மனுஷரிடம் எப்படிச் சொல்வது? கூட ரேஷன் அரிசி, சோலார் விளக்கு என்று எதையாவது சேர்த்துப் பேசலாமா என்றெல்லாம் கணக்குப் போட்டேன். வியாபாரி புத்தி.

அங்கே பேச வேண்டிய ஆள் செல்லி. மனுக்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் அவள்தான். கொய்யா காலத்தில் என் மண்டியில் பழம் தரம் பிரிக்கவும் வருவாள். என்னைவிட மூத்தவள். ஆனாலும் நான் வா, போ என்றுதான் பேசுவேன், அவள் என்னை வாங்க, போங்க என்பாள். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

நாங்கள் போனபோது செல்லி வீட்டு முன்னால் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்து கும்பிட்டுவிட்டு, ஒரு சாக்கை விரித்துப் போட்டாள். சுற்றிலும் எலுமிச்சை மரங்கள். அடியில் மஞ்சள் மஞ்சளாகப் பழம் விழுந்து, கறுத்து, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. சந்தையில் எலுமிச்சைக்குத் தட்டுப்பாடு இருந்த நேரம் அது. இப்படி அழுக விட்டிருக்கிறார்களே என்று கோபம் வந்து கேட்டும்விட்டேன்.

“எங்கங்க கொண்டுபோறது? வாசல்ல பெட்டி செவப்பு காட்டுதுல்ல,” என்றாள் செல்லி.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கணக்கில் அவர்கள் மண்ணும் எங்கள் மண்தானே. எங்கள் லாரி நின்ற அன்றைக்கே இவர்கள் தலைச்சுமையும் நின்றிருக்கிறது. எலுமிச்சை, தேன், மலைவாழை எதுவும் கீழே இறங்கவில்லை. இரண்டு வருடமாக நான் ஏறாத ஆபீஸ் இல்லை. ஒரு தடவைகூட எலுமிச்சை என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. எங்களுக்கு மேலே இத்தனை வீடு இதே தடையில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூட முடியாது. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மாதான் பேசினார். புழு இங்கே இருப்பது, சல்லடை, தன் தப்பு, தவறான ஊருக்குப் போன தடை என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் புழு எங்களை என்ன செய்தது என்று செல்லி கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை, காட்டு மரங்களோடு அது காலங்காலமாக இருக்கிறது, கெடுதல் இல்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நிரூபித்தால்தான் பதிவேடு நம்பும் என்றார் டாக்டரம்மா.

செல்லி கையிலிருந்த மூங்கில் கீற்றைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப எங்க ஊரு பேரு கணக்குல ஏறுமாங்க?”

“ஏறும் செல்லி. ஆனா தடையோடதான் ஏறும்,” என்றேன். அதையாவது நேராகச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, அதுதான் என்னை அறுத்தது.

“தடை இப்பவும் இருக்குங்களே தலைவரம்மா. எங்க எலுமிச்சை உங்க பேர்ல நின்னுச்சு. இனி எங்க பேர்ல நிக்கட்டும். தடையை எடுங்கன்னு ஆபீசுக்குப் போனா, எந்த ஊருன்னு கேக்குறான். வேலாங்கரடுன்னா, உங்க தலைவர் வரட்டும்னு திருப்பி அனுப்புறான். சொந்தப் பேர்ல இருந்தா நாங்களே போய்க் கேப்போம்ல?”

பக்கத்தில் டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். தடை என்றால் என்ன, அதன் வலி என்ன என்று இவளுக்கு நான் விளக்கப் போனேன் பாருங்கள். விளக்க வந்தவளைவிட அவள்தான் அதை முழுசாக அனுபவித்திருந்தாள். அங்கே கொடுத்த தேனை நான் தொடவில்லை.

கிராமசபையை அவசரமாகக் கூட்டினோம். கூட்டத்துக்கு அவ்வளவு ஆள் திரண்டதை நான் பார்த்ததில்லை. கடுக்காய்ப்பாறையைப் பிரிக்கக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் மேசையைத் தட்டுகிற துணைத் தலைவர் தனசீலன், இந்தத் தடவை தானே எழுந்து தீர்மானத்தை முன்மொழிந்தார். புளியமர ஏலத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீ வருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அத்தனை வருடம் அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம் என்று இழுத்தது இதைத்தான். ஊரே கை தட்டியது. எங்களுக்கு விடுதலை வந்ததற்குத் தட்டுகிறார்கள். கடைசி வரிசையில் தன் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்திருந்த செல்லியும் எழுந்து கை தட்டினாள். தட்டிவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் மைக்கைச் சரிசெய்கிறவள் மாதிரி குனிந்துகொண்டேன்.

தாசில்தாரும் அசந்துவிடும்படி கோப்பு ஓடியது. மனுஷர் கேட்டபோது நகராத கோப்பு ஒரு புழுவுக்காக ஓடுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். அவர் தன் தப்பை உலகம் பார்க்கிற மாதிரி எழுதி வெளியிட்டுவிட்டுத்தான் பதிவேட்டைத் திருத்தினார். புழுவின் பெயர் மாறவில்லை, மூலமண் மட்டும் கடுக்காய்ப்பாறை ஆனது. அடுத்த லாரி சந்தை வாசலில் நுழைந்தபோது பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் பையன்கள் நடுரோட்டில் பட்டாசு வெடித்தார்கள்.

மலைப்பாதை ஆரம்பத்தில் தடைப் பலகை நட்டார்கள். சிவப்பு எழுத்தில், ‘வேலாங்கரடென்சிஸ். மூலமண்: கடுக்காய்ப்பாறை’. மேலே எங்கள் பெயர், கீழே அவர்கள் பெயர். அன்றைக்கு அந்த வழியாகப் போனேன். கடுக்காய்ப்பாறைப் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, அந்தப் பலகைக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊர்ப் பெயர் எழுதிய முதல் பலகை அது. வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன்.

டாக்டரம்மா கூடாரம் போட்டு மலையிலேயே தங்கிவிட்டார். புழு தீங்கில்லாதது என்று நிரூபிக்க, மூலமண்ணிலேயே வைத்து ஆராய அனுமதி வேண்டும். அந்த அனுமதியை ஊர்க்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும். இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே கத்திக்கொண்டு திரிந்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊர் என்று ஒன்று இப்போது இருந்ததால் கேட்க முடிந்தது.

போன மாதம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். எனக்கு அங்கே சின்ன வேலை, தடை நீங்கிய சான்றில் ஒரு முத்திரை வாங்க வேண்டும். உள்ளே போனபோது கூடம் நிறைந்திருந்தது. நடு வரிசையில் செல்லி உட்கார்ந்திருந்தாள், மடியில் மனு. டோக்கன் கொடுக்கிற பையன் ஒவ்வொருவரிடமும் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தான். அவளிடம் வந்ததும் கேட்டான்.

“கடுக்காய்ப்பாறை,” என்றாள். கூடத்துக்கே கேட்டது.

பெயர் இப்போது எல்லோருக்கும் தெரியும், செய்தியில் வந்துவிட்டதே. அவளுக்கு வலப்பக்கம் இருந்த பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து தள்ளிப் போனார். இடப்பக்கத்தில் இருந்த பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள். முன்னால் இருந்தவர்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். டோக்கன் பையன் அவள் கையைத் தொடாமல் டோக்கனைப் பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்தான். செல்லி அசையவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, டோக்கனை எடுத்து அதில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

காய்ந்த தூசியில் அந்தப் புழு உயிரோடு இருக்காது. அவள் செருப்பிலிருந்து யாருக்கும் ஒன்றும் ஒட்டாது. டாக்டரம்மா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். செல்லியை விட்டால் அந்தக் கூடத்தில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நின்ற இடத்திலிருந்தே நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது பெரிய விஷயமா?

அப்போது செல்லி என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. காலியாகிவிட்ட பக்கத்து நாற்காலியை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

“வாங்க தலைவரம்மா. இங்க உக்காருங்க.”

கூடத்தில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தெரிந்த சந்தைக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என் கூடைகளை வாங்குகிறவர்கள்.

“இல்ல செல்லி. வெளிய லாரி நிக்குது, போகணும்,” என்றேன்.

“சரிங்க. பாத்துப் போங்க,” என்றாள்.

விறுவிறு என்று வெளியே வந்தேன். முத்திரை வாங்கவில்லை. எதிர்க்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு அதையும் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அன்றைக்கு நான் லாரியில் வரவில்லை.